புது அறைக்கு வீட்டில் இருக்கிற சாமான்களே போதும்: அளவெடுப்பதிலிருந்து விளக்கு மாட்டுவது வரை

வீட்டோடு ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டி முடித்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "அந்தப் புது ரூமில் வை" என்று சொல்லிச் சொல்லியே மற்ற அறைகளுக்கு வேண்டாததெல்லாம் அங்கே போய்ச் சேரும். கால் ஆடும் மேசை, யாரும் உட்காராத நாற்காலி, பிரிக்காத அட்டைப்பெட்டிகள். சில மாதத்தில் அது குடோன். இல்லாவிட்டால், புது அறைக்குப் புதுச் சாமான்தான் வேண்டும் என்று ஒரே கடையில் செட்டாக வாங்கிப் போட்டு, வாசலைத் தாண்டினால் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல ஆகிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே புது அறையை நன்றாக அமைக்க முடியும். அதற்கு மனதில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: புது அறைக்குப் போவது மிச்சம் மீதி இல்லை, வீடு முழுவதிலும் இருந்து பொறுக்கி எடுத்த பொருள்கள். அதனால் பழைய அறைகளும் கொஞ்சம் கலையும். கலையட்டும். ஓர் அறை கூடியிருக்கிறது என்றால் வீட்டையே ஒருமுறை புதிதாக அடுக்கிப் பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் காயட்டும்

புதிதாகக் கட்டிய சுவரிலும் தரையிலும் நிறைய ஈரம் இருக்கும். கான்கிரீட் 28 நாளில் எதிர்பார்த்த வலுவை எட்டும் என்பது பொதுக் கணக்கு. வலு வந்துவிட்டால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீர் விட்டு ஆற்றுவதை நிறுத்திய பிறகுதான் அது காயவே ஆரம்பிக்கிறது. ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றோட்டம் குறைவாக இருந்தாலோ பருவம் ஈரமாக இருந்தாலோ இன்னும் கூடும்.

இதற்கும் சாமானுக்கும் சம்பந்தம் உண்டு. காயாத சுவரோடு மர அலமாரியை ஒட்டி வைத்தால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் போன்ற பலகைகள் அடிப்பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய வடிவத்துக்கு வராது. ஸ்டீல் பீரோவாக இருந்தால் அடித்தகட்டில் துரு.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சுமார் 45 செ.மீ. சதுரமாக வெட்டி, சிமெண்ட் தரையிலோ பெயிண்ட் அடிக்காத பூச்சுச் சுவரிலோ வைத்து, நாலு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, மூடியிருந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. அதனால் முன்பே செய்துவிடுவது நல்லது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே சேதிதான்: உள்ளிருக்கும் ஈரம் வெளியே வரும்போது உப்பைக் கூடவே இழுத்து வருகிறது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உரியும்.

காய்ந்த பிறகும், முதல் வருடமாவது பெரிய சாமான்களைச் சுவரிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளியே வையுங்கள்.

காத்திருக்கும் இந்த நாட்கள் வீண் இல்லை. ஒரே ஒரு நாற்காலியை அந்த அறையில் போட்டு, காலை, மதியம், அந்தி என்று வெவ்வேறு நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எந்த ஜன்னல் வழியாக எதுவரை வருகிறது, காற்று எந்தப் பக்கம், வெளியே இருந்து பார்த்தால் எது தெரிகிறது, எங்கே உட்கார்ந்தால் மனம் ஒப்புகிறது. வரைபடத்தில் இதெல்லாம் தெரியாது.

2. இந்த அறையில் என்ன நடக்கப் போகிறது?

"எல்லாத்துக்கும் ஆகும்" என்பது பதில் இல்லை. குடோன் ஆகும் அறைகள் எல்லாம் அந்தப் பதிலில்தான் ஆரம்பிக்கின்றன. ஒரு முக்கிய வேலையும் ஒரு துணை வேலையும் சொல்லுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும், அவ்வப்போது விருந்தினர் படுப்பதற்கும். அல்லது வயதான பெரியவர் தங்குவதற்கும், பகலில் எல்லோரும் அங்கே உட்கார்ந்து பேசுவதற்கும். முக்கிய வேலைக்கு வேண்டிய சாமான் முதலில் இடம் பிடிக்கட்டும். துணை வேலைக்கு மடக்கக்கூடியதோ நகர்த்தக்கூடியதோ போதும்.

வயரிங் இன்னும் முடியவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. சுவரைக் கொத்துவதற்கு முன்பே எந்தச் சாமான் எங்கே என்று முடிவு செய்து எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடலாம். இருக்கிற கட்டிலின் தலைப்பலகை எவ்வளவு அகலம், மேசை எவ்வளவு உயரம் என்று அளந்து சொன்னால், பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால் புதையாமல் அதன் பக்கத்தில் வரும். பூச்சு பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைப்பும் வயரும் எங்கே ஓடுகின்றன என்பது பிறகு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

3. கணக்கெடுப்பு

ஒரு நோட்டு, ஒரு டேப், வீடு முழுவதும் ஒரு சுற்று. சாமான் ஒவ்வொன்றின் நீளம், ஆழம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். கதவு, டிராயர் உள்ளவற்றுக்குத் திறந்த நிலையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, பிறகு கட்டிலில் இடிக்கும் அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எழுதும்போதே ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு கூட்டத்தில் சேருங்கள். அப்படியே எடுத்துப் போகக்கூடியவை. சின்ன வேலை பார்த்தால் தேறுபவை. இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டியவை. நான்காவதாக ஒரு கூட்டமும் வரும். அது வீட்டை விட்டே போக வேண்டியது. அந்த முடிவைப் புது அறை வரும்வரை தள்ளிப்போட்டிருப்பீர்கள், இப்போது எடுத்துவிடுங்கள்.

மரச்சாமானைப் புது அறைக்கு மாற்றும் முன் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால், குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்தால், மரத்தை வண்டு துளைக்கிறது. கால் ஓரத்தில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். இரண்டில் எது இருந்தாலும் மருந்து வைத்துச் சரிசெய்யாமல் அதைப் புது நிலைகளுக்கும் ஜன்னல்களுக்கும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். உளுத்துப்போனதைத் தட்டினாலே தெரியும்; சத்தம் பொக்கையாக இருக்கும்.

4. தரையில் வரைந்து பாருங்கள்

கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கலாம், கட்டம் போட்ட தாளில் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரண்டையும்விடச் சிறந்தது தரையிலேயே பார்ப்பது. பழைய செய்தித்தாளைச் சாமானின் அளவுக்கு ஒட்டி, அது நிற்கப்போகும் இடத்தில் விரித்துவிடுங்கள். அல்லது எளிதில் உரியும் மாஸ்கிங் டேப்பால் அதன் எல்லையைத் தரையில் ஒட்டுங்கள். அதற்குள் கால் வைக்காமல் ஓரிரு நாள் நடமாடிப் பாருங்கள். கையில் துணிக்கூடையோடு நடந்து பாருங்கள். எங்கே உடம்பைத் திருப்பிப் போக வேண்டியிருக்கிறதோ, அங்கே சாமான் அதிகம்.

நடமாட்டத்துக்குச் சில அளவுகள் கைவசம் இருந்தால் நல்லது. எல்லோரும் போய்வரும் முக்கிய வழிக்கு 90 செ.மீ., அதாவது மூன்றடி. ஒருவர் மட்டும் போகும் இடுக்குக்கு 60 செ.மீ. கட்டிலின் பக்கத்திலும் குறைந்தது அவ்வளவு வேண்டும், இல்லையென்றால் விரிப்பு மாற்றுவது தண்டனையாகிவிடும். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே 40 முதல் 45 செ.மீ.; அதற்கு மேல் போனால் கை எட்டாது, குறைந்தால் முழங்கால் இடிக்கும். சாப்பாட்டு மேசையின் விளிம்பிலிருந்து சுவருக்கு 75 செ.மீ. இருந்தால் நாற்காலியை இழுத்து எழுந்திருக்கலாம். பின்னால் ஆள் போகவும் வேண்டும் என்றால் 90 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிவியின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்வது கணக்கு. 55 அங்குல டிவிக்கு அது 2 மீட்டருக்குச் சற்று அதிகம். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துகிறவர் வீட்டில் இருந்தால் இந்த அளவுகள் போதாது, சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் காலியாக இருக்க வேண்டும்.

உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலின் அடிக்கட்டை 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் 75 செ.மீ. மேசை அதற்குக் கீழே அழகாக அடங்கும். தலைப்பலகை 110 செ.மீ. உள்ள கட்டில் ஜன்னலை மறைக்கும், திறக்கவும் விடாது.

5. உள்ளே போகுமா?

சாமான் வாசலில் மாட்டிக்கொள்வது ஒரு தனி அவஸ்தை. பழைய வீட்டிலிருந்து புது அறைக்குப் போகும் வழி பெரும்பாலும் ஒரு ஜன்னல் இருந்த இடத்தையோ பின்வாசலையோ உடைத்துச் செய்ததாக இருக்கும். அதற்கு முன்னால் ஒரு திருப்பமும் இருக்கும். நிலையின் உள்ளளவையும் திருப்பத்தின் அகலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். கதவு 90 பாகைக்கு மேல் திறக்காது என்றால் கதவின் கனமும் வழியில் கழிந்துவிடும். கீலிலிருந்து கதவைக் கழற்றினால் மூன்று நான்கு செ.மீ. கிடைக்கும். சோஃபாவின் கால்களைக் கழற்றினால் இன்னும் பத்து செ.மீ. வரை கிடைக்கலாம். பல நேரம் அதுவே போதும்.

உயரமான அலமாரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படுக்கவைத்து உள்ளே கொண்டுபோய்விடலாம், நிமிர்த்த முடியாது! 210 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரி, 215 செ.மீ. உயரக் கூரைக்குக் கீழே நிற்கும் என்று தோன்றும். நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தொடும். அது 218 செ.மீ.-க்கு மேல். கணக்குப் போட வேண்டாம். அலமாரியின் பக்கவாட்டுப் பலகையில், கீழ் முன் மூலையிலிருந்து மேல் பின் மூலை வரை டேப்பைப் பிடித்தால் அந்த அளவு கிடைத்துவிடும். கூடுதல் அறைகளின் கூரை சில வீடுகளில் சரிவாகவும் தாழ்வாகவும் இருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். அந்த அளவு கூரையைவிட அதிகமென்றால் அடிப்பீடத்தைக் கழற்றலாம், அல்லது பிரித்துக் கொண்டுபோய் நின்ற நிலையிலேயே கோக்கலாம்.

புது டைல்ஸ் மேல் எதையும் இழுக்காதீர்கள். பழைய போர்வையை அடியில் போட்டு நகர்த்தினால் கீறல் விழாது. இடத்தில் வைத்த பிறகு நாற்காலி, மேசைக் கால்களில் ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள்.

மாற்றிய பிறகு அலமாரியின் கதவுகள் ஏறி இறங்கி நிற்கிறதா? உடனே கீல் ஸ்க்ரூவைத் திருகக் கூடாது. தரை சமமாக இல்லாததால் அலமாரி முறுக்கிக்கொண்டு நிற்கும். குற்றம் கீலில் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் மெல்லிய தக்கை கொடுங்கள். கதவு தானாகவே நேராகும். ஆகாவிட்டால் மட்டும் கீலைத் தொடுங்கள்.

6. பெரியது எங்கே?

பழைய வீட்டிலிருந்து புது அறையை நோக்கி நின்று பாருங்கள். வாசல் வழியாக எந்தச் சுவர் கண்ணில் படுகிறது? வீட்டில் இருப்பதிலேயே நல்ல சாமானை அங்கே வையுங்கள். புது அறை பெரும்பாலான நேரம் அந்த வாசல் வழியாகத்தான் பார்க்கப்படுகிறது. நல்ல மேசையோ, செதுக்கு வேலை உள்ள பழைய அலமாரியோ அங்கே நின்றால், அறையின் மற்ற மூலைகளில் என்ன இருந்தாலும் தப்பித்துவிடலாம். ஸ்டீல் பீரோ, இஸ்திரி மேசை இவற்றுக்கு வாசலிலிருந்து தெரியாத சுவர் பொருத்தம்.

வாசலுக்குப் பக்கத்தில் உயரமான எதையும் நிறுத்தாதீர்கள். அறை சேர்த்ததால் பழைய அறைக்கு ஒரு ஜன்னலின் வெளிச்சம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இனி அதற்கு வெளிச்சம் புது அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வழியில் தாழ்ந்த சாமான்கள் மட்டும் இருக்கட்டும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். புது அஸ்திவாரம் முதல் சில காலம் கொஞ்சம் கீழே அமரும். பழையது எப்போதோ அமர்ந்து முடித்தது. அதனால் அந்த மூட்டில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். அதை உடனே சிமெண்டால் அடைத்தால் திரும்பவும் பிளக்கும்; வளைந்து கொடுக்கும் பூச்சுதான் அங்கே தாங்கும். நமக்கு முக்கியம் இது: மூட்டின் குறுக்கே நீளமான ஷெல்ஃபை அடித்து நிறுத்தாதீர்கள், மூட்டை முழுவதும் மறைக்கும்படி பீரோவையும் வைக்காதீர்கள். விரிசல் பெரிதாகிறதா, மழை நீர் கசிகிறதா என்று பார்க்க அந்த இடம் கண்ணில் பட வேண்டும். விரிசலை மறைக்கத் துணி தொங்கவிடுவது பரவாயில்லை. விலக்கிப் பார்க்கலாமே. விரிசல் அகலமாகிக்கொண்டே போனால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

உயரமான அலமாரி, புத்தக அடுக்கு எல்லாவற்றையும் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். குழந்தை டிராயரைப் படியாக வைத்து ஏறினால் அவை முன்னால் சாயும். பழைய அறையில் இவ்வளவு நாள் சாயாமல் நின்றது என்பது சமாதானம் இல்லை, இந்தத் தரை வேறு. ஆணி அடிக்குமுன் சுவர் எதனால் ஆனது என்று கொத்தனாரிடம் கேளுங்கள். செங்கல்லுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் இலகுவான காற்றுக் கல் (ஏஏசி பிளாக்) சுவரில் பிடிக்காது, அதற்கென்று நீளமான பிளக் தனியாக உண்டு. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே சட்டம் ஓடும் இடத்தில்தான் பிணைக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது, வயர் ஓடும் பாதை அது.

7. ஜோடி சேராத சாமான்களைச் சேர்ப்பது

இங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள். தேக்கு மேசை, கறுப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, வெளிர் நிற லாமினேட் அலமாரி, எப்படி ஒன்றாகும்?

ஒரே மாதிரி ஆக்க முயல வேண்டாம், முடியாது. அதற்குப் பதிலாக ஒரு நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் மிகப் பெரிய சாமானின் நிறமே பெரும்பாலும் அதற்கு ஏற்றது. அந்த நிறம் அறையில் குறைந்தது மூன்று இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி, கண்ணில் பட வேண்டும். தேக்கு மேசை ஒரு பக்கம் என்றால் எதிர்ச்சுவரில் அதே சாயலில் படச்சட்டம், இன்னொரு மூலையில் ஒரு சின்ன ஸ்டூல். அப்படி வந்துவிட்டால் மற்றவை எந்த நிறமாக இருந்தாலும் ஒரு கூட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரே மூலையில் மரச்சாமானையெல்லாம் குவித்துவிட்டு எதிரே ஸ்டீலைக் குவித்தால், அறை பாதிப்பாதியாகப் பிரிந்து நிற்கும்.

பழைய வீட்டையும் புது அறையையும் இணைக்க எனக்குப் பிடித்த உத்தி, ஜோடியைப் பிரிப்பது. ஒரே மாதிரி நாலு நாற்காலி இருந்தால் இரண்டைப் புது அறைக்குக் கொண்டுபோங்கள். ஒரே துணியில் தைத்த திரைகள் இருந்தால் ஒரு ஜன்னலுக்கு உரியதை அங்கே மாட்டுங்கள். இந்த அறையிலும் அதைப் பார்த்து அந்த அறையிலும் அதைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே வீடு என்று கண் ஏற்றுக்கொள்கிறது. ஒரு பைசா செலவில்லை.

சின்ன வேலை பார்த்தால் தேறுபவை என்று ஒதுக்கியவற்றை இப்போது எடுங்கள். கைப்பிடி மாற்றுவதுதான் இருப்பதிலேயே எளிது. ஆனால் பழைய துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு என்று அளந்து (96 மி.மீ., 128 மி.மீ. இரண்டும் அதிகம் புழங்கும் அளவுகள்) அதே அளவில் வாங்குங்கள், இல்லையென்றால் துளையை அடைத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். நாற்காலி மெத்தைக்கு வேறு துணி போடுவதும் பெரிய வேலை இல்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பல நாற்காலிகளில் மெத்தை கையோடு வந்துவிடும்.

பெயிண்ட் அடிப்பது என்றால் பொறுமை வேண்டும். மரமாக இருந்தால் அழுக்கும் எண்ணெயும் போகத் துடைத்து, 120 எண் உப்புத்தாளில் தேய்த்து, 220-இல் வழவழப்பாக்கி, ப்ரைமர், பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. தடிமனாக ஒரே தடவை அடித்தால் வழியும். லாமினேட்டின் மேல் சாதாரண ப்ரைமர் நிற்காது, நகத்தால் சுரண்டினாலே வரும். வழவழப்பான பரப்பில் ஒட்டும் ப்ரைமர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஸ்டீலில் துருவை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே துரு தடுக்கும் ப்ரைமர். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது என்றாலும் பெயிண்ட் முழுவதும் இறுகச் சில வாரம் ஆகலாம், அதற்குள் கனமான எதையும் மேலே வைத்தால் தடம் விழும். இன்னொன்று: தாத்தா காலத்துச் சாமானில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளைக் கிளப்ப வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் நிச்சயமாக வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது அது இருக்கும் அழகிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பெயிண்ட் அடித்து மறைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பல வருடம் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பை நல்ல மரம் ஒரே நாளில் இழந்துவிடும்.

8. சுவர் நிறம் கடைசியில்

சாமானைக் கொண்டு வந்து வைக்கும்வரை சுவர் வெறும் ப்ரைமரோடு இருந்தால் நல்லது. குறைந்தபட்சம் வெளிர் நிறத்தில் ஒரு கோட் போதும். இருக்கிற சாமானுக்குத் தகுந்த சுவர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது, எதிர்த்திசையில் போவது கஷ்டம். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் நிறத்தை அடித்து, சாமானுக்குப் பின்னால் நிறுத்திக் காலையிலும் மாலையிலும் விளக்கு போட்டும் பாருங்கள். மஞ்சள் சாயல் மரத்துக்குப் பின்னால் நீலம் கலந்த வெள்ளை அடித்தால் மரம் ஆரஞ்சாகத் தெரியும்.

9. விளக்கு, திரை, படம், விரிப்பு

எல்இடி பல்புகளின் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் வெளிச்சம், 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. பழைய அறையில் 6500-ம் புது அறையில் 2700-ம் எரிந்தால், நீங்கள் என்னதான் சாமானைப் பொருத்தினாலும் வாசலில் ஒரு கோடு விழுந்தது போல இரண்டும் பிரிந்து தெரியும். இரண்டு அறைக்கும் ஒரே எண் பல்பு போடுங்கள். நடு விளக்கு ஒன்றை மட்டும் நம்பாமல், வீட்டில் சும்மா கிடக்கும் மேசை விளக்கையும் நின்ற விளக்கையும் மூலைகளில் வையுங்கள்.

புது ஜன்னல் பழையதைவிடப் பெரிதாக இருக்கும், பழைய திரை குட்டையாகிவிடும். அடியில் வேறு நிறத் துணியில் ஓர் அகலமான கரை சேர்த்தால் அளவும் வரும், வேண்டுமென்றே செய்தது போலவும் இருக்கும். கம்பியை ஜன்னலுக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. தள்ளியும், இரு பக்கமும் 15 செ.மீ. நீட்டியும் மாட்டினால் திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுவதும் திறக்கும். நேர் வெயில் படும் இடத்தில் மரச்சாமான் இருந்தால் மேலே கிடக்கும் விரிப்பு, பூச்சாடி எல்லாவற்றையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் உருவம் மரத்தில் நிறம் மாறிப் பதிந்துவிடும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். சோஃபாவுக்கு மேல் என்றால் அதன் சாய்வுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி போதும். கூரையைத் தொடும்படி மாட்டுவது ஏனோ பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது.

வெற்று அறையில் பேச்சு எதிரொலிக்கும். சாமான் வந்த பிறகும் எதிரொலித்தால் துணி போதவில்லை என்று பொருள். தரைவிரிப்பு சின்னதாக இருந்தால் சாதாரணப் பாயை அடியில் பெரிதாக விரித்து அதன் மேல் போடலாம். சோஃபாவின் முன்கால்களாவது விரிப்பின் மேல் இருந்தால் அறை ஒன்றாகச் சேர்ந்து தெரியும். புத்தகம் நிறைந்த அடுக்கும் சத்தத்தை நன்றாக அடக்கும்.

10. பழைய அறையில் விழுந்த ஓட்டை

மேசை போன இடத்தில் சுவர் நிறம் மாறியிருக்கும், தரையில் நாலு கால் தடம் இருக்கும். வேறு எதையாவது கொண்டுவந்து உடனே அடைக்கத் தோன்றும். கொஞ்ச நாள் விடுங்கள். பாதி வீடுகளில் அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகுதான், இந்த அறை இவ்வளவு பெரியதா என்று தெரிய வருகிறது. அலமாரி ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தியோ, பெயிண்ட் தொட்டுச் சரிசெய்தோ முடிந்தால் அதோடு விட்டுவிடலாம்.

புது அறையில் எது குறைகிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதை மட்டும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் அவசியம் என்று எழுதியவற்றில் பல, அதற்குள் தேவையே இல்லை என்று அடிக்கப்பட்டிருக்கும். மிஞ்சியதை அளவோடு போய் வாங்குங்கள்.

முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பழையதும் புதியதும் சேரும் மூட்டின் பக்கம் நிற்கும் சாமான்களை நகர்த்தி, சுவரையும் தரை ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் திரும்பத் தள்ளிவிடலாம். ஈரம் பட்டால் சாமானை நடு அறைக்கு இழுத்துவிட்டு, கொத்தனாருக்குப் போன் போடுங்கள்.